பெரிய வட்டக் கூடம், வாசலெல்லாம் மருந்துப் பெட்டி: இதற்கெல்லாம் தமிழில் என்ன பெயர் வைப்பது?

கிளைக்கதை (கேள்வி)

வணக்கம். நான்கு வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். நாவலோ, சிறுகதையோ, வீடியோ கேமோ, ஏதாவது ஓர் இடத்தில் "இதை முன்னமே எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று தோன்றினால் அதில் குறித்துக்கொள்வேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று படைப்புகளில் வந்துவிட்டால் அதற்குத் தனிப் பக்கம். இன்றைக்கு 62 பக்கம் சேர்ந்திருக்கிறது. முக்கால்வாசிக்குப் பெயர் இல்லை. "அந்த மருந்து ரூம்", "சாகப்போகிறவர் போன் பண்ணுவது" என்று கிறுக்கிவைத்திருக்கிறேன். இரண்டு மாதம் கழித்துத் திருப்பினால் எதைச் சொல்ல வந்தேன் என்று எனக்கே பிடிபடுவதில்லை.

மூன்றை மட்டும் இங்கே வைக்கிறேன்.

முதலாவது, சண்டை கேம். குறுகலான வழிகளில் பதுங்கிப் பதுங்கி வருகிறோம், கையில் நாலே தோட்டா. திடீரென்று ஒரு பெரிய கதவு, பக்கத்தில் சேவ் பாயிண்ட் (ஆட்டத்தைச் சேமிக்கும் இடம்). அதுவரை எண்ணி எண்ணிக் கொடுத்த கேம், அந்த வாசலில் மருந்துப் பெட்டியும் தோட்டாப் பெட்டியுமாக வாரி இறைத்திருக்கும். கதவைத் திறந்தால் வட்டமான கூடம், நடுவில் ஒன்றுமே இருக்காது. அடுத்த நிமிடம் பாஸ், அதாவது அந்தக் கட்டத்தின் பெரிய எதிரி, வந்து இறங்கும்.

இரண்டாவது, துப்பறியும் கதை. எல்லா உண்மையும் தெரிந்த ஒருவர் ராத்திரி போன் செய்கிறார். "ரொம்ப முக்கியமான விஷயம். போனில் வேண்டாம், காலையில் வாருங்கள், நேரில் சொல்கிறேன்." காலையில் போய்ப் பார்த்தால் நாற்காலியில் பிணம்.

மூன்றாவது, இஷ்டப்படி சுற்றித் திரியவிடும் திறந்த உலக கேம்களில் வருவது. இன்று ராத்திரிக்குள் தடுக்காவிட்டால் உலகம் அழிந்துவிடும் என்று ராஜா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். நான் போய் மூன்று வாரம் மீன் பிடிக்கிறேன், ஒரு கிழவியின் தொலைந்த ஆட்டைத் தேடிக் கொடுக்கிறேன். திரும்பி வந்தால் உலகம் எனக்காகக் காத்திருக்கிறது.

வெளியே புழங்கும் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். "செகாவின் துப்பாக்கி" (கதையில் துப்பாக்கியைக் காட்டினால் பின்னால் அது வெடித்தே ஆக வேண்டும் என்ற விதி) என்று சொன்னால், செகாவ் யார், அது எந்தத் துப்பாக்கி என்று முதலில் ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர முடிகிறது. பெயர் வைப்பதே விளக்கத்தை மிச்சப்படுத்தத்தான், அதற்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது.

கேட்க நினைப்பது இவை. ஒன்று மரபா, வெறும் தற்செயலா என்று எதை வைத்து முடிவு செய்வது? கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும் இரண்டை ஒரே பக்கத்தில் வைப்பதா, பிரிப்பதா? தமிழில் பெயர் வைக்க ஏதாவது வழிமுறை உண்டா? யாராவது இதில் யோசித்திருந்தால் சொல்லுங்கள். எனக்கு இது பொழுதுபோக்கு மட்டுமில்லை, நான் எழுதும் கதைகளுக்கும் இந்த நோட்டைத்தான் புரட்டுகிறேன்.

மூன்றாம் உயிர்

உங்கள் முதல் பக்கத்தைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கூடத்தை நான் கட்டியிருக்கிறேன். லெவல் டிசைன்தான், அதாவது கேமில் வரும் இடங்களை வடிவமைப்பதுதான் என் வேலை.

அது ஏன் வட்டமாக இருக்கிறது தெரியுமா? கேமரா ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் வருகிறது. மூலை இருந்தால் கேமரா சுவருக்குள் போய் மாட்டிக்கொள்ளும், திரையில் செங்கல்தான் தெரியும். அப்புறம், ஆட்டக்காரர் மூலையில் போய் ஒண்டிக்கொள்வார். பாஸுக்கு அவரை எட்டும் வழி கிடைக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றும். மூலையை எடுத்துவிட்டால் இரண்டு தலைவலியும் போயிற்று.

மருந்து ஏன்? வருகிறவர் கையில் என்ன மிச்சமிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருவர் 200 தோட்டாவோடு வருவார், இன்னொருவர் இரண்டோடு வருவார். ஒருமுறை நாங்கள் பெட்டி எதுவும் வைக்காமல் விட்டோம். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் இரண்டு தோட்டாவோடு உள்ளே போனார், ஆட்டம் அங்கேயே சேவ் ஆகிவிட்டது, பின்னால் கதவு மூடிக்கொண்டது. பத்தொன்பது முறை செத்தார். இருபதாவது முறை ஆடவில்லை. கண்ட்ரோலரை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, "நான் எங்கே தப்பு பண்ணினேன் என்று புரியவில்லை" என்றார். அவர் ஒரு தப்பும் பண்ணவில்லை. தப்பு எங்களுடையது. மறுநாள் காலை முதல் வேலையாக வாசலில் நான்கு பெட்டிகளை வைத்தேன். அந்த மனிதரின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, இது யாரும் யாரையும் பார்த்து எழுதியதால் வந்த ஒற்றுமை இல்லை. ஒரே இக்கட்டில் மாட்டிய எல்லோரும் ஒரே வழியாக வெளியே வந்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் இதை "நிரப்பு" என்போம். "இந்த பாஸுக்கு முன்னால் நிரப்பு இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோருக்கும் புரியும்.

கதை இதோடு முடியவில்லை. ஆட்டக்காரர்கள் அந்த நிரப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னொரு லெவலில் பாஸே இல்லாத ஒரு கூடத்துக்கு முன்னால் பெட்டிகளை வைத்துப் பார்த்தோம். காலியான கூடத்தில் எல்லோரும் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, சுவரோரமாக, கூரையைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். நாங்கள் ஒரு பூச்சியைக்கூட அங்கே விடவில்லை. ஒரு குறையை அடைக்க வைத்த பெட்டி, ஒரு வாக்கியமாகவே மாறிவிட்டது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஆட்டக்காரரோ வாசகரோ, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அடுத்ததற்குத் தயாராகிறார் என்றால் அது மரபு. இருபது படைப்புகளில் வந்தும் ஒருவரும் தயாராகவில்லை என்றால் அது வெறும் ஒற்றுமை.

மூன்றாவது பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் 2007இல் பயோஷாக் கேமைப் பற்றி எழுதும்போது "லூடோநரேட்டிவ் டிசனன்ஸ்" என்ற சொல்லை வைத்தார். கதை ஒன்றைச் சொல்ல, விளையாட்டின் விதிகள் அதற்கு நேர்மாறானதைச் சொல்வது. உங்கள் காத்திருக்கும் உலகம் அதன் ஒரு கிளை. அவசரம் என்று கதை சொல்கிறது, சுற்றிப் பார் என்று விதி சொல்கிறது. உண்மையிலேயே கடிகாரத்தை ஓடவிட்ட கேம்களும் உண்டு. 2000இல் வந்த செல்டா வரிசையின் மஜோராஸ் மாஸ்க்கில் மூன்று நாளில் நிலா விழுந்தே தீரும். அதை ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள், வயிற்றைப் பிசையும் அந்தப் பதற்றத்தைத்தான் முதலில் சொல்வார்கள். அது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதால்தான் மற்றவர்கள் உலகத்தைக் காக்கவைக்கிறார்கள்.

பழைய ஏடு

பெயர் வைக்க வழிமுறை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மிடம் நிறையவே உண்டு. பழைய பாடல்களில் ஒரு சூழலுக்கு வைத்த பெயரான துறை என்பது வேறென்ன?

சங்க அகப்பாடல்களின் அடியில் பிற்காலத்தவர் சேர்த்த குறிப்புகளைப் பாருங்கள். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த நிலையில் சொன்னது என்று ஒரே வரியில் இருக்கும். பாட்டில் வரும் மலையோ கடலோ நாரையோ அந்த வரியில் இருக்காது. அப்புறம் பெயர்களைக் கவனியுங்கள்: வரைவு கடாதல், அறத்தொடு நிற்றல் (காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது), இற்செறித்தல் (தலைவியை வீட்டுக்குள் காவலில் வைப்பது). எல்லாம் தொழிற்பெயர்கள். சீக்கிரம் மணந்துகொள் என்று தோழி தலைவனை நெருக்குவது வரைவு கடாதல். அதை அவள் நூறு விதமாகச் செய்வாள். யானை வருகிறது என்பாள், ஊர் பேசுகிறது என்பாள், காவல் கூடிவிட்டது என்பாள். துறை ஒன்றுதான், ஏனென்றால் அங்கே நடக்கும் வேலை ஒன்றுதான். எனவே உங்கள் நோட்டில் "மருந்து ரூம்" என்று பொருளைப் பிடிக்காதீர்கள், வினையைப் பிடியுங்கள்.

பிரிப்பதா சேர்ப்பதா என்ற சந்தேகமும் புதிதில்லை. பகைவரின் ஆநிரையைக் கவர்வதையும், பறிகொடுத்தவர் அதை மீட்பதையும் தொல்காப்பியர் வெட்சி என்ற ஒரே திணையில், அதாவது ஒரே பெரும் பிரிவில் வைத்தார். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை என்ற இலக்கண நூல் மீட்பதைத் தனியாகப் பிரித்துக் கரந்தை என்றது. தொல்காப்பியத்தில் புறத்திணை ஏழு, வெண்பாமாலையில் பன்னிரண்டு. இவரும் பிழையில்லை, அவரும் பிழையில்லை. ஒருவர் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தார், மற்றவர் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்த்தார். நீங்களும் எந்த இடத்தில் நின்று பார்க்கிறீர்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிடுங்கள்.

ஒரு துறைக்குறிப்பை மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்தது. "தலைவன் சிறைப்புறமாக" என்று வரும். தலைவன் வேலிக்கு அப்பால் நிற்கிறான். தோழி அவனைப் பார்த்துப் பேசுவதில்லை. தலைவியிடம் பேசுவதுபோலப் பேசுகிறாள், அவன் காதில் விழட்டும் என்று. என் பேத்தி கேம் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்க, இரண்டு காவலாளிகள் "கிழக்குக் கதவின் பூட்டு இன்னும் சரிசெய்யவில்லையாமே" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டு போனார்கள். நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன், "இது சிறைப்புறம்!" என்று. அவளுக்கு அந்தச் சொல் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. இப்போது காவலாளிகள் வாயைத் திறந்தாலே "தாத்தா, சிறைப்புறம்" என்கிறாள்.

உங்கள் இரண்டாவது பக்கத்துக்கு "உரையாது மாய்தல்" என்று வைக்கலாம்.

நடுப்பக்கம்

பழைய ஏடு ஐயா, சிறைப்புறம் அருமை. ஆனால் "உரையாது மாய்தல்" என்று இன்றைக்கு எந்த வாசகரும் சொல்லமாட்டார். பெயர் என்றால் பேச்சில் வரவேண்டும். இந்த மரபுக்கு அந்த ஆளே பெயரைச் சொல்லிவிட்டுத்தானே சாகிறார்? "நேரில் சொல்கிறேன்." அதையே பெயராக வையுங்கள். "இந்தக் கதையில் ஒரு நேரில் சொல்கிறேன் இருக்கிறது" என்றால் துப்பறியும் கதை படிக்கிற எவருக்கும் பாதி வாக்கியத்திலேயே புரிந்துவிடும். வாயில் வரும் வசனத்தைப் பெயராக்குவதில் ஒரு வசதி, அதை மறக்கவே முடியாது.

வினையைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ரஷ்யாவில் விளாதிமிர் பிராப் 1928இல் செய்ததும் அதுதான். மாயக்கதைகளை எடுத்துப் பிரித்தார். ஒரு கதையில் அரசன் கழுகைக் கொடுக்கிறான், கழுகு நாயகனை வேறு நாட்டுக்குச் சுமந்து போகிறது. இன்னொன்றில் கிழவன் குதிரை கொடுக்கிறான், வேறொன்றில் மந்திரவாதி படகு கொடுக்கிறான். ஆளும் மாறுகிறது, பொருளும் மாறுகிறது, கொடுத்ததால் நடக்கும் காரியம் மாறவில்லை. இப்படி 31 செயல்களைப் பட்டியலிட்டார். அடுத்த கேமில் யாராவது உங்களுக்குக் குதிரையோ படகோ கொடுத்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எண் கொடுத்தவர்களும் உண்டு. ஃபின்லாந்தின் ஆர்னே 1910இல் தொடங்கி, தாம்சன் விரித்து, 2004இல் ஊத்தர் திருத்திய நாட்டார் கதை அட்டவணையில் சிண்ட்ரெல்லா கதை 510ஏ. தேடி எடுக்க அது ரொம்ப உதவும். ஆனால் நண்பரிடம் "நேற்று ஒரு 510ஏ படித்தேன்" என்று எவரும் சொல்வதில்லை. உங்கள் நோட்டில் எண்ணும் இருக்கட்டும், பெயரும் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். "நேரில் சொல்கிறேன்" பக்கத்தில், சாகும்போது "அவன்... அவன்தான்..." என்று பாதிப் பெயரோடு கண் மூடுபவரையும் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான், உண்மை தெரிந்தவர் சொல்லாமல் செத்தார். ஆனால் படிக்கும்போது எனக்குள் நடப்பது வேறு. முதல் ஆளிடம் கோபம் வருகிறது. ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்ததே, போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே! இரண்டாவது ஆளிடம் கோபம் வருவதில்லை, அவரோடு சேர்ந்து மூச்சு முட்டுகிறது. ஐயா சொன்ன வெட்சியும் கரந்தையும்போல இதைப் பிரிக்கத்தான் வேண்டும்.

ஈரமண்

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும். நான் சிறுகதை எழுதுகிறவள். ஒரு காலத்தில் உங்களைப்போலவே பட்டியல் போட்டேன். ஒரு கட்டத்தில் எந்தக் கதையைத் திறந்தாலும் பட்டியல்தான் தெரிந்தது. இறந்துபோன அம்மாவின் கடிதத்தை மகள் பிரிக்கும் இடத்தில் நான் அழுதிருக்க வேண்டும். "ஆ, தாமதமாக வரும் கடிதம்" என்று மனது டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனது. அன்றைக்குப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

மறுபடி எழுத வந்தது சிலப்பதிகாரத்தை நிதானமாகப் படித்த பிறகு. அதில் தீய கனவு மூன்று முறை வருகிறது. கண்ணகி காணும் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள், கோவலன் தன் கனவை மாடலன் என்ற அந்தணரிடம் சொல்கிறான், வழக்குரை காதையின் தொடக்கத்தில் பாண்டிமாதேவி தன் கனவைச் சொல்கிறாள். ஒரே உத்தி, ஒரே காவியத்துக்குள் மூன்று தடவை. மூன்றாவது கனவில் குடை விழுகிறது, செங்கோல் விழுகிறது, மணி ஓயாமல் ஒலிக்கிறது. அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணகி வாசலுக்கு வந்துவிடுகிறாள். எனக்கு உத்தி தெரியும், என்ன நடக்கப்போகிறது என்பதும் தெரியும், அப்படியும் கை நடுங்கியது. முதல் இரண்டு கனவும் பலிக்கத் தொடங்கிவிட்டன என்று தெரிவதால்தான் நடுங்கியது. இளங்கோ நம்மை முதல் இரண்டிலேயே பழக்கிவிட்டார்.

அதனால் உங்கள் நோட்டில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் இரண்டு இடங்களை எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அது உயிரோடு இருந்த ஓர் இடம், அது தேய்வழக்காகிச் செத்துக் கிடந்த ஓர் இடம். பெயரை மட்டும் எழுதினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

கிளைக்கதை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் உயிர் சொன்னதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அக்கா மகன், ஒன்பது வயது, ஞாயிறு முழுக்க இங்கேதான் இருந்தான். இந்த மாதிரி கேம் அவனுக்குப் புதிது. முதல் கூடத்தில் அப்படியே ஓடிப்போய்ச் செத்தான். இரண்டாவதிலும் செத்தான். மூன்றாவது கதவுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கையையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். "மாமா, இங்கே நிறைய மருந்து இருக்கு. ஏதோ வரப்போகுது" என்றான். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டே கூடத்தில் ஒரு மரபைக் கற்றுக்கொண்டான், எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்தப் பக்கத்தில் "நிரப்பு" என்று எழுதி, கீழே "உள்ளங்கையைத் துடைத்தான்" என்று சேர்த்திருக்கிறேன்.

இரண்டாவது பக்கம் இனிமேல் "நேரில் சொல்கிறேன்". பாதிப் பெயரோடு சாகிறவர்களை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டேன், அதற்கு "பாதிப் பெயர்" என்றே வைத்தாயிற்று. நடுப்பக்கம் சொன்ன கோபம், மூச்சுமுட்டல் என்ற அளவுகோலை மற்றப் பக்கங்களிலும் வைத்துப் பார்த்தேன். ஒன்பது பக்கம் உடைந்து பதினெட்டானது. நான்கு பக்கம் ஒன்றாகச் சேர்ந்தது.

சிறைப்புறத்தை எடுத்துக்கொள்கிறேன் ஐயா, ஆனால் முதலில் கொஞ்சம் தயங்கினேன். தோழிக்குத் தலைவன் நிற்பது தெரியும். காவலாளிக்குத் தெரியாது. தெரிந்தே பேசுவதும் தெரியாமல் பேசுவதும் ஒன்றாகுமா? யோசித்துப் பார்த்ததில், அங்கே பேசுகிறவர் காவலாளி இல்லை, அந்த வசனத்தை எழுதியவர். அவருக்கு நான் பெட்டிக்குப் பின்னால் இருப்பது நன்றாகவே தெரியும். அதனால் பெயர் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன்.

ஈரமண், நீங்கள் கேட்ட இரண்டு இடங்களையும் எழுதத் தொடங்கிவிட்டேன். உயிரோடு இருந்த இடம் சட்டென்று நினைவுக்கு வருகிறது. செத்துக் கிடந்த இடங்களைத் தேடத்தான் நேரமாகிறது, அவை மனதில் தங்குவதே இல்லை.

காத்திருக்கும் உலகத்துக்கு மட்டும் இன்னும் சரியான பெயர் அமையவில்லை. "கேடு காத்தல்" என்று எழுதி அடித்துவிட்டேன், காப்பாற்றுவதுபோல ஒலிக்கிறது. "நின்ற கடிகாரம்" என்பது பொருளைப் பிடிக்கிறது, வினையைப் பிடிக்கவில்லை. இப்போதைக்கு "ஆடு தேடல்" என்று பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன், அந்தக் கிழவியின் ஆட்டை நினைத்து. இதைவிட நல்லதாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.